பார்சலோனா நகரின் கூரைமேற் சிற்பங்கள்

ஒரு நகரத்தின் வரலாற்றை ஆராயப் புகுவோர் அதன் கோட்டைகளையும் அரண்மனைகளையும் கோயில்களையும் கடைத்தெருக்களையும் துருவி நோக்குவர். அந்நகரத்து வீடுகளின் கூரைகளை ஏறெடுத்து நோக்குவார் மிகச் சிலரே. வீட்டின் முகப்பு ஊராருக்கு உரியது. உள்ளறை குடியிருப்போருக்கு உரியது. கூரையோ வெயிலுக்கும் மழைக்கும் பறவைக்கும் உரியது என்பது பொதுவான எண்ணம். புகைபோக்கியும் நீர்த்தொட்டியும் துணி உலர்த்துங் கயிறும் இருக்கும் இடத்திற் கலைக்கு என்ன வேலை என்று வினவுதல் இயல்பே. அவ்வினாவுக்கு வியத்தகு விடையொன்றை அளித்த நகரம், ஸ்பெயின் நாட்டின் வடகிழக்கே மத்தியதரைக் கடலோரத்தில் அமைந்த பார்சலோனா ஆகும். 1886ஆம் ஆண்டுக்கும் 1912ஆம் ஆண்டுக்கும் இடையில், அந்தோனி கௌடி என்னும் கட்டடக் கலைஞர் அந்நகரத்து வீடுகள் மூன்றின் கூரைகளை விளையாட்டும் விந்தையும் நிறைந்த சிற்பவெளிகளாக மாற்றினார். அக்கூரைகள் தோன்றிய வரலாற்றையும், பழிக்கப்பட்டுப் பின் போற்றப்பட்ட வரலாற்றையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதற்கண் அந்நகரத்தின் நிலையை அறிதல் வேண்டும். பார்சலோனா நெடுங்காலமாக மதில்களுக்குள் அடைபட்டுக் கிடந்தது. நெசவாலைகள் பெருகின; தொழிலாளர் வந்து குவிந்தனர்; ஆயின் மதில் நகரவில்லை. நோயும் நெருக்கமும் மிகுந்த நிலையில், 1854ஆம் ஆண்டு மதிலை இடிக்கத் தொடங்கினர். வெளியே பரந்து கிடந்த சமவெளியில் எழ வேண்டிய புதுநகரத்துக்கு இல்டெபோன்ஸ் செர்டா என்னும் பொறியியலாளர் வகுத்த திட்டம் 1859ஆம் ஆண்டு அரசின் ஒப்புதலைப் பெற்றது. பக்கம் ஏறக்குறைய 113 மீற்றர் கொண்ட சதுரக் கட்டங்களாக நிலம் வகுக்கப்பட்டது. நாற்சந்திகளில் வெளிச்சமும் காற்றும் புகும்வண்ணம் கட்டடங்களின் மூலைகள் வெட்டிவிடப்பட்டன. இவ்விரிவுப் பகுதியிலே கிராசியா என்னும் பெருவீதி செல்வர்கள் விரும்பும் இடமாயிற்று. ஆலை முதலாளிகளும், அமெரிக்கக் கண்டத்துக்குச் சென்று பொருளீட்டி மீண்டோரும் ஒருவரோடொருவர் போட்டியிட்டு ஆங்கே மாளிகைகள் எழுப்பினர். அம்மாளிகைகளின் முகப்புக்கள் எத்துணை அலங்காரம் பெற்றிருந்தபோதிலும், கூரைகள் பெரும்பாலும் வெறுந்தளங்களாகவே இருந்தன. தட்டையான தளம், சில புகைபோக்கிகள், உலரும் துணிகள் ஆகிய இவையே அக்காலத்துப் பார்சலோனாவின் நிலாமுற்றங்கள்.

கௌடி 1852ஆம் ஆண்டு பிறந்தவர். அவர் தந்தையார் செப்புப் பாத்திரங்கள் செய்யும் கன்னார் தொழிலினர். தட்டையான தகடு ஒன்று சுத்தியலின் அடியில் வளைந்து நெளிந்து வயிறுபெற்றுக் கலமாவதை இளமையிலேயே கண்டவர் அவர். நேர்கோட்டினும் வளைகோட்டை மிகுதியும் விரும்பிய அவருடைய கலையுணர்வுக்கு அப்பட்டறையும் ஒரு பள்ளியாக இருந்ததெனல் பிழையாகாது. 1878ஆம் ஆண்டிலே அவர் கட்டடக் கலைஞராகப் பட்டம் பெற்றார். அவ்வாண்டு பாரிஸ் நகரில் நிகழ்ந்த உலகப் பொருட்காட்சிக்கென, கையுறை வணிகர் ஒருவருக்கு அவர் அமைத்துக் கொடுத்த கண்ணாடிப் பேழை எயுசெபி குவெல் என்னும் செல்வரின் கருத்தைக் கவர்ந்தது. நெசவுத் தொழிலாற் பெருஞ்செல்வம் ஈட்டிய குவெல், தம் வாழ்நாள் முழுவதும் கௌடியின் புரவலராக விளங்கினார். புரவலரும் கலைஞரும் ஒருவரையொருவர் அறிந்துகொண்டமையால் விளைந்தவற்றுள் ஒன்றே குவெல் மாளிகை.

1886ஆம் ஆண்டு தொடங்கி 1890ஆம் ஆண்டளவில் நிறைவுற்ற இம்மாளிகை பழைய நகரத்தின் ஒடுக்கமான தெரு ஒன்றில் நிற்கின்றது. தெருவின் குறுக்கத்தால் அதன் முகப்பையே முழுமையாகக் காண்டல் அரிது. கூரையைக் காண்டல் அதனினும் அரிது. அவ்வாறிருந்தும் கௌடி அக்கூரையில் 20 புகைபோக்கிகளையும் காற்றுப்போக்கிகளையும் ஒன்றைப்போல் ஒன்று இராதவாறு அமைத்தார். சில வெறுஞ் செங்கல்லால் ஆனவை. ஏனையவை பல நிற ஓட்டுத் துண்டுகளாலும் பீங்கான் சில்லுகளாலும் போர்த்தப்பட்டவை. ஒன்று குவிந்த மொட்டுப் போன்றது. மற்றொன்று தலைகீழாகக் கவிழ்த்த கூம்பு போன்றது. வேறொன்று குழந்தை வண்ணந் தீட்டிய மரம் போன்றது. அவற்றின் நடுவே, மாளிகையின் நடுமண்டபத்துக்கு ஒளிதரும் கூம்புக் கோபுரம் உயர்ந்து நிற்கின்றது. அதன் உச்சியில் இரும்பாலான காற்றுத்திசைகாட்டியும் அதனோடு ஒரு வௌவாலும் உள்ளன. கீழே இருண்ட கல்லும் இரும்பும் கொண்டு கடுமையாகத் தோன்றும் மாளிகை, மேலே சிறுவர் விளையாட்டிடம் போல நகைக்கின்றது.

ஈண்டு அக்கலைஞர் கையாண்ட முறையைப் பற்றிச் சிறிது கூறுதல் தகும். உடைந்த ஓடு, உடைந்த பீங்கான், உடைந்த கண்ணாடி ஆகியவற்றைச் சாந்திற் பதித்துப் பரப்பை மூடும் இவ்வேலையைக் கற்றலோனிய மொழியில் 'திரென்கடீஸ்' என வழங்குவர். உடைத்தல் என்னும் பொருளுடைய வினையடியாகப் பிறந்த சொல் அது. வளைந்த பரப்பின்மீது தட்டையான முழு ஓட்டைப் பொருத்தல் இயலாது. ஆயின் சிறு சில்லுகளை எவ்வளைவிலும் பதிக்கலாம். அன்றியும் ஆலைகளிற் கழித்த ஓடுகளும் பயன்பட்ட கலங்களும் இதற்குப் போதியன. மெருகிட்ட பரப்பு மழைநீரை உள்ளே விடாது காக்கும். எனவே இம்முறை அழகுக்காக மட்டும் எழுந்ததன்று. வளைவு, செலவு, மழை என்னும் மூன்று இடர்களுக்கும் ஒருங்கே கண்ட தீர்வு அது. கழிவென்று எறியப்பட்டது நகரத்தின் உச்சியில் அணியாகி நின்றமை சிந்திக்கத்தக்கது.

இரண்டாவது கூரை கிராசியா வீதியிலுள்ள பட்லோ இல்லத்தினது. 1877ஆம் ஆண்டு எழுந்த சாதாரண வீடொன்றை அதன் உரிமையாளர் இடித்துவிட்டுப் புதிதாகக் கட்ட எண்ணினார். இடிக்க வேண்டுவதில்லை, மாற்றியமைத்தலே போதும் என்று கௌடி அவரை இணங்கச் செய்து, 1904ஆம் ஆண்டு முதல் 1906ஆம் ஆண்டு வரை அவ்வேலையை நடத்தினார். வீதியை நோக்கிய கூரை, செதில் நிறைந்த பெருவிலங்கொன்றின் முதுகுபோல வளைந்தெழுகின்றது. செதில்களாக நிற்பவை நிறம் மாறி மாறி ஒளிரும் ஓடுகள். கற்றலோனியாவின் காவற் புனிதராகிய ஜோர்ஜ் வதைத்த பறவைநாகமே அது என்றும், அருகே நிற்கும் சிலுவைக் கோபுரம் அவர் பாய்ச்சிய வேல் என்றும் மக்கள் பொருள் கொள்வர். அச்சிலுவையைப் பற்றிய செய்தியொன்று கௌடியின் மனப்பாங்கை நன்கு விளக்கும். மயோர்க்காத் தீவிலே செய்யப்பட்ட அது கொண்டுவரும் வழியில் வெடிப்புற்றது. செய்தோர் வேறொன்று செய்து தர முன்வந்தும், கௌடி அதற்கு உடன்படாது, வெடிப்புக்களைச் சாந்திட்டு இணைத்து, வடுவோடு கூடிய சிலுவையையே உச்சியில் நிறுத்தினார். உடைந்ததை இகழாத கலைஞருக்கு அஃது இயல்பேயாம்.

மூன்றாவதும் தலைசிறந்ததுமான கூரை அதே வீதியிலுள்ள மிலா இல்லத்தினது. பெரே மிலா என்பவரும் அவர் மனைவியாகிய ரோசெர் செகிமோனும் இவ்வீட்டைக் கட்டுவித்தனர். செகிமோன் அம்மையார், குவாத்தமாலாவிற் கோப்பிச் செய்கையாற் பொருளீட்டிய ஒருவரின் கைம்பெண்ணாக இருந்து மறுமணஞ் செய்தவர். வீட்டுக்கு வேண்டிய செல்வம் பெரிதும் அவருடையதே. 1906ஆம் ஆண்டு தொடங்கிய வேலை 1912ஆம் ஆண்டு முற்றுப்பெற்றது. அலையலையாக நெளியும் அதன் கல் முகப்பைக் கண்ட ஊரார் 'லா பெத்ரேரா', அதாவது 'கல் அகழும் குழி', என்று எள்ளிப் பெயரிட்டனர். இகழ்ச்சியாக இட்ட அப்பெயரே இன்று புகழ்ப்பெயராக வழங்குகின்றது.

கூரையின் வடிவத்தை விளங்கிக்கொள்வதற்கு அதன் கீழுள்ள தளத்தை முதலில் நோக்குதல் வேண்டும். இரு முனைகளைப் பற்றித் தொங்கவிட்ட சங்கிலி எவ்வாறு வளையுமோ அவ்வளைவைத் தலைகீழாக்கினால், தன் பாரத்தைத் தானே தாங்கும் வளைவொன்று கிடைக்கும். அத்தகைய செங்கல் வளைவுகள் 270 கொண்டு கௌடி அத்தளத்தை அமைத்தார். கட்டடத்தின் அகலம் இடத்துக்கு இடம் வேறுபடுதலால், அகன்ற இடத்தில் வளைவு உயர்ந்தும் குறுகிய இடத்தில் தாழ்ந்தும் நின்றது. அவ்வளைவுகளின் முதுகின்மீதே கூரை பரப்பப்பட்டமையால், அது மேடும் பள்ளமுமாகப் படிகளோடு ஏறி இறங்குகின்றது. வெயிலின் வெம்மையும் குளிரும் கீழ்வீடுகளைத் தாக்காது இத்தளம் இடைநின்று காத்தது. குடியிருப்போர் ஆடை வெளுத்து உலர்த்தும் இடமும் அதுவே.

அம்மேடுபள்ளங்களின் மேல், படிக்கட்டுக்கள் வெளிவரும் கோபுரங்கள் 6, காற்றுப்போக்கிகள் 2, புகைபோக்கிகள் 28 ஆகியன நிற்கின்றன. படிக்கட்டுக் கோபுரங்கள் நீர்த்தொட்டிகளையும் தம்முட் கொண்டவை. புகைபோக்கிகளோ திருகிய உடலும் தலைக்கவசமும் உடைய போர்வீரரைப் போலத் தோன்றுவன. மூவரும் நால்வருமாகக் கூடி நின்று இரகசியம் பேசுவார் போலவும், சிலர் தனித்து நின்று காவல் புரிவார் போலவும் அவை காட்சியளிக்கின்றன. சூனியக்காரிகளை வெருட்டுவன என்று கற்றலோனிய மக்கள் அவற்றுக்கு ஒரு பெயர் சூட்டினர். பச்சைப் போத்தற் கண்ணாடித் துண்டுகளைத் தலையிற் சூடிய வீரரும் அவர்களுள் உளர். இவையெல்லாம் வெற்று வேடிக்கை என்று கருதுதல் தவறு. கவசம் போன்ற மூடி மழையையும் எதிர்க்காற்றையும் தடுப்பது. வெறும் பொம்மையாக நிற்பது அக்கூரையில் ஒன்றேனும் இல்லை.

இனி, காணப்படாத இடத்திற் கலையை வைத்தது ஏன் என்னும் வினாவை நோக்குவோம். கௌடி 1883ஆம் ஆண்டு முதல் பொறுப்பேற்று நடத்திய புனிதக் குடும்பக் கோயிலின் கோபுர உச்சிகளை அத்துணை நுணுக்கமாக அலங்கரிப்பது யார் காண்பதற்கு என ஒருவர் வினவ, வானவர் காண்பர் என்று அவர் விடையிறுத்ததாக ஒரு செய்தி வழங்குகின்றது. கோயிலுக்கு அவ்விடை பொருந்தும். மிலா இல்லத்தை ஆராய்ந்தால் வேறோர் உண்மை புலப்படும். அங்குள்ள ஆறு படிக்கட்டுக் கோபுரங்களுள், வீதியிலிருந்து காணக்கூடிய நான்குக்கே கல்லும் ஓடும் பதித்த போர்வை உண்டு; பின்புறத்துள்ள இரண்டும் வெறுஞ் சாந்து பூசப்பட்டவை. ஆகவே யார் எங்கிருந்து காண்பார் என்பதைக் கௌடி நன்கு கணக்கிட்டே செலவு செய்தார் என்பது தெளிவு. எனினும், பின்புறத்துக் கோபுரங்களின் வடிவத்தில் அவர் சிறிதும் குறைவைக்கவில்லை. போர்வையிற் சிக்கனம் செய்தவர் வடிவத்திற் சிக்கனம் செய்திலர். துணி உலர்த்த மேலேறிய பணிப்பெண்ணும் புகைபோக்கி துடைக்க வந்த தொழிலாளியும் காண்பதற்கும் அழகு வேண்டும் என்பது அதனாற் பெறப்படும். கூரையிலுள்ள வளைவு ஒன்றினூடே நோக்கின், தொலைவில் எழும் புனிதக் குடும்பக் கோயில் சட்டமிட்ட ஓவியம் போலத் தோன்றுகின்றது.

இக்கலை எளிதில் நிலைபெற்றதன்று. முதலில் எதிர்த்தது சட்டம். நடைபாதையினுள் தூணொன்று நீண்டதென 1907ஆம் ஆண்டின் இறுதியில் மாநகரசபை தடை விதித்தது. பின்னர், மேற்றளமும் கூரையும் விதிக்கப்பட்ட அளவைக் கடந்தன என்று குற்றஞ்சாட்டி, மிகையானவற்றை இடிக்குமாறும், அன்றேல் 100,000 பெசெட்டா தண்டமிறுக்குமாறும் பணித்தது. அப்பணிப்பு நிறைவேறியிருப்பின் அக்கூரை வீரர்கள் தோன்றிய அன்றே மறைந்திருப்பர். நல்லூழாக, 1909ஆம் ஆண்டு திசெம்பரில் விரிவுப் பகுதிக்குப் பொறுப்பான குழு, இக்கட்டடம் நினைவுச்சின்னத் தன்மை வாய்ந்தது. ஆதலின் பொதுவிதிகளுக்கு முற்றும் அமைய வேண்டுவதில்லை எனத் தீர்ப்பளித்தது. விதி எல்லோருக்கும் பொது என்பது நீதி. விதியின் நோக்கத்தை அறிந்து விலக்களிப்பதும் நீதியே. எனினும், செல்வர் வீட்டுக்குக் கிடைத்த இவ்விலக்கு ஏழைகளின் குடில்களுக்குக் கிடைத்திருக்குமா என்னும் ஐயம் எழாமற் போகாது.

அவ்வையம் வெறுங் கற்பனையன்று என்பதை அதே ஆண்டின் நிகழ்ச்சிகள் காட்டும். 1909ஆம் ஆண்டு ஜூலை மாத இறுதியில், மொறொக்கோப் போருக்கென இருப்புப் படையினரை அரசு அழைத்தது. பணங்கொடுத்து விலகிக்கொள்ளச் செல்வராலே இயலும்; ஏழைத் தொழிலாளியே குடும்பத்தைக் கைவிட்டுக் கப்பலேற வேண்டும். பார்சலோனா கொதித்தெழுந்தது. வேலைநிறுத்தம் கலகமாக மாறிற்று. கோயில்களும் மடங்களும் எரிந்தன. 'துன்பியல் வாரம்' என வரலாற்றிற் பெயர்பெற்ற அந்நாட்களில், கட்டி முடியாத மிலா இல்லத்தின் கூரையில் நின்றோர் நகரெங்கும் புகையெழக் கண்டிருப்பர். அவ்வீட்டின் உச்சியில் தேவமாதாவின் பெருஞ்சிலையொன்றை வானதூதரோடு நிறுவுவது கௌடியின் எண்ணம். கலகத்தைக் கண்டஞ்சிய உரிமையாளர் அச்சிலை வேண்டாமென மறுத்தனர். சமயப் பற்று மிக்க கௌடிக்கு அது பெரும் மனவருத்தத்தை அளித்தது. முகப்பின் மேல்விளிம்பிற் செதுக்கிய செபச் சொற்கள் மட்டும் எஞ்சின. வெறுங் கற்பனை விளையாட்டாக இன்று நமக்குத் தோன்றும் அக்கூரை, உண்மையில் நடுச்சிலை இல்லாத ஒரு பீடமாகும். சமுதாயப் போராட்டத்தின் வடு அங்கே வெறுமையாகவே நிலைத்துள்ளது.

அடுத்து வந்தது ஏளனம். எதிர்காலத்து ஆகாயக் கப்பல்கள் வந்து தரிக்கும் கொட்டகை இது என நகைச்சுவை ஏடொன்று 1912ஆம் ஆண்டிலே கேலிச்சித்திரம் வெளியிட்டது. உரிமையாளருக்கும் கலைஞருக்குமிடையே ஊதியம் பற்றி எழுந்த பிணக்கு நீதிமன்றம் வரை சென்றது. கௌடி வழக்கில் வென்று 105,000 பெசெட்டா பெற்றார்; பெற்றதை அறப்பணிக்கு ஈந்துவிட்டார். அதன்பின் அவர் தனியார் மாளிகை எதனையும் கட்டாது, கோயிற்பணியிலேயே தம்மை ஒடுக்கிக்கொண்டார். 1926ஆம் ஆண்டு ஜூன் 7ஆம் நாள் திராம்வண்டி மோதிய அவர், மூன்று நாட்களின்பின் உயிர்நீத்தார்.

அவர் மறைந்தபின் நெடுங்காலம் அக்கூரைகளைப் போற்றுவாரில்லை. மிலா இல்லத்தில் தாம் வாழ்ந்த தளத்தைச் செகிமோன் அம்மையார் பிரெஞ்சு அரசவைப் பாணியில் மாற்றியமைத்தார். குவெல் மாளிகை 1936ஆம் ஆண்டு மூண்ட உள்நாட்டுப் போரிற் கைப்பற்றப்பட்டுத் தடுப்புக்காவல் இடமாயிற்று. 1945ஆம் ஆண்டு குவெலின் மகளார் அதனை மாகாண அவையிடம் ஒப்படைத்தமையால் அழிவினின்றும் தப்பியது. மிலா இல்லமோ 1946ஆம் ஆண்டு ஒரு வணிகக் குழுவுக்கு விற்கப்பட்டது. 1953ஆம் ஆண்டு தொடங்கி, வளைவுகள் நிறைந்த அதன் மேற்றளம் 13 வாடகைக் குடியிருப்புக்களாகப் பிரிக்கப்பட்டது. அவற்றின் பொருட்டுப் புதிய புகைபோக்கிகளும் கூரைமேல் எழுந்தன. போர்வீரர் அணியினுள் அயலார் புகுந்து நின்றாற்போன்ற காட்சி அது. சில்லுகள் உதிர்ந்தன, புகையும் அழுக்கும் படிந்து கல்லின் நிறம் மாறிற்று.

காலம் மெல்ல மாறியது. 1969ஆம் ஆண்டு மிலா இல்லம் அரசின் பாதுகாப்புப் பட்டியலில் இடம்பெற்றது. 1984ஆம் ஆண்டு யுனெஸ்கோ நிறுவனம் மிலா இல்லத்தையும் குவெல் மாளிகையையும் குவெல் பூங்காவையும் உலக மரபுரிமையாக ஏற்றது. 2005ஆம் ஆண்டு பட்லோ இல்லமும் சேர்க்கப்பட்டது. 1986ஆம் ஆண்டு கற்றலோனியச் சேமிப்பு வங்கியொன்று மிலா இல்லத்தை வாங்கிப் புதுப்பித்து, 1996ஆம் ஆண்டு மேற்றளத்தையும் கூரையையும் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டது. இடையிற் புகுந்த குடியிருப்புக்களும் புகைபோக்கிகளும் அகற்றப்பட்டன. குவெல் மாளிகையிலோ போர்வை முற்றும் உதிர்ந்த சில புகைபோக்கிகளுக்குத் தற்காலக் கலைஞர் புதுப்போர்வை அமைத்தனர். அவற்றுள் ஒன்றில், 1992ஆம் ஆண்டு அந்நகரில் நிகழ்ந்த ஒலிம்பிக் விழாவின் சின்னமாகிய கோபி என்னும் நாயின் சிற்றுருவம் ஒளிந்திருக்கின்றது. ஒரு வீட்டிற் பிற்காலச் சேர்க்கையை நீக்கினர். மற்றொரு வீட்டிற் பிற்காலச் சேர்க்கையைத் தாமே செய்தனர். இவ்விரண்டும் முரணெனத் தோன்றலாம். ஆயின் மிலா இல்லத்திற் பிற்காலத்துப் புகைபோக்கிகள் இருந்ததை மறைத்தன. குவெல் மாளிகையிற் புதுப்போர்வை இழந்ததன் இடத்தை நிரப்பிற்று. பழமையைப் பேணுவோர் இவ்வேறுபாட்டை உளங்கொள்ளுதல் வேண்டும்.

இவ்வரலாற்றால் நாம் அறியத்தக்கவை சில உள. கூரைமேற் கலை செல்வரின் பொருளால் எழுந்தது. அச்செல்வமோ ஆலைத் தொழிலாளர் உழைப்பாலும் கடல்கடந்த நாடுகளின் விளைவாலும் திரண்டது. இவ்வுண்மையை மறைத்து அழகை மட்டும் புகழ்தல் வரலாற்றாசிரியர்க்கு அழகன்று. அவ்வாறே, செல்வர் செய்வித்தது என்னும் காரணத்தால் அக்கலையை இகழ்தலும் முறையன்று. ஏனெனில், அவர்களிற் பலர் தம் கூரையின் அருமையைத் தாமே உணர்ந்திலர். சில்லைத் தெரிந்து பதித்த கொத்தரின் கையும், புகைபோக்கியையும் மதிக்கத்தக்க பொருளாகக் கண்ட கலைஞரின் உள்ளமுமே அதனை நிலைபெறச் செய்தன.

நம் காலத்து நகரங்களிலும் கட்டடங்கள் நாள்தோறும் எழுகின்றன. வீதியை நோக்கிய பக்கத்துக்கு மட்டும் வண்ணந் தீட்டி, பின்புறத்தையும் மேற்புறத்தையும் கவனியாது விடுதல் எளிது. காண்பாரில்லாத இடத்திலும் செய்வன திருந்தச் செய்தல் வேண்டும் என்னும் ஒழுக்கத்தைப் பார்சலோனாவின் புகைபோக்கிகள் போதிக்கின்றன. புகையைப் போக்குவதே அவற்றின் தொழில். அச்சிறு தொழிலைச் செய்துகொண்டே அவை ஒரு நகரத்தின் தலைக்கு முடியாயின. இன்று அடுப்புப் புகை அவ்வழியே எழுவதில்லை. ஆயின் உலகின் பல திசைகளிலிருந்தும் வருவோர் அவற்றைக் காண்பதற்கெனவே படியேறுகின்றனர்.